பேரண்டம் தட்டை என்கிறார்களே, உள்ளே இருந்துகொண்டே அதை எப்படி அளந்தார்கள்?

மாலைவெள்ளி (கேள்வி)

வணக்கம். மேல்நிலை வகுப்புகளுக்குக் கணிதம் கற்பிக்கிறேன். கோளத்தின் மேல் வரையும் முக்கோணத்தில் கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகையைத் தாண்டும் என்பதை ஒரு பழைய கால்பந்தின் மேல் கோடு போட்டுக் காட்டிக்கொண்டிருந்தபோது, மாணவி ஒருத்தி எழுந்து, பேரண்டம் தட்டையானது என்று படித்தேன், அப்படியானால் அது தோசையைப் போல இருக்கிறதா, தோசைக்கு மேலும் கீழும் என்ன இருக்கிறது என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. எனக்கோ சரியான விடை தெரியவில்லை என்பதால் சிரிப்பு வரவில்லை.

வீட்டிற்கு வந்து தேடிப் படித்தேன். பந்து, குதிரைச் சேணம், தாள் என்று அதே மூன்று படங்களைத்தான் எல்லாக் கட்டுரைகளும் போடுகின்றன. அந்தப் படங்களுக்குப் பின்னால் உள்ள அளவீடு என்ன, எந்தக் கோணத்தை எங்கிருந்து எவர் அளந்தார் என்பதை ஒன்றுமே சொல்வதில்லை. பந்தைக் கையில் பிடித்துப் பார்க்கும் நமக்கு அது உருண்டை என்று தெரிகிறது. பேரண்டத்தை அப்படி வெளியே நின்று பார்க்க எவராலும் முடியாது. அப்படியிருக்க அதன் வடிவத்தை எப்படித் துணிந்து சொல்கிறார்கள்? தட்டை என்றால் முடிவற்றது என்று ஆகிவிடுமா? போதாக்குறைக்கு, பேரண்டம் மூடிய கோளம் போன்றது என்று 2019-இல் ஓர் ஆய்வு சொன்னதாகவும் படித்தேன். கணக்குப் போட்டே விளக்கினால் மகிழ்வேன். கணிதத்திற்கு அஞ்ச வேண்டியதில்லை.

கோணமானி

வணக்கம் அம்மா. உங்கள் மாணவியின் குழப்பத்திற்கு அவள் பொறுப்பல்ல, 'தட்டை' என்ற சொல்தான் பொறுப்பு. தட்டு, தாள், தோசை எல்லாம் இரு பரிமாணப் பரப்புகள். பேரண்டத்தைத் தட்டை என்று சொல்லும்போது, நாம் வாழும் இந்த மூன்று பரிமாண வெளியில் பள்ளிக்கூடத்து யூக்ளிட் வடிவியல் பிசகாமல் செல்லுபடியாகிறது என்பது மட்டுமே பொருள். எத்தனை கோடி ஒளியாண்டுப் பக்கங்களை வைத்து முக்கோணம் போட்டாலும் கூட்டுத்தொகை 180 பாகையாகவே இருக்கும், இணையாகப் புறப்பட்ட இரண்டு ஒளிக்கதிர்கள் கடைசிவரை இணையாகவே செல்லும், அவ்வளவுதான். நீளம், அகலம், உயரம் மூன்றும் அந்த வெளிக்குள்ளேயே அடங்கிவிட்டதால், அதற்கு மேலே என்ன, கீழே என்ன என்ற கேள்விக்கு இடமில்லை.

வெளியே நிற்காமல் வளைவை அறிவது புதிய வித்தையும் அன்று. நில அளவையர் பூமியை விட்டு ஓர் அடிகூட எழும்பாமல், அளந்த கோணங்களைக் கூட்டிப் பார்த்தே பூமி உருண்டை என்று சொல்லிவிட முடியும். 1820-களில் ஹனோவர் நாட்டை அளந்த கார்ல் பிரீட்ரிக் காஸ், ஹோஹென்ஹாகன், புரோக்கன், இன்செல்ஸ்பெர்க் ஆகிய மூன்று மலையுச்சிகளை இணைத்து, மிக நீண்ட பக்கம் 100 கிலோமீட்டரைத் தாண்டும் ஒரு முக்கோணத்தை அளந்தார். அவர் சோதித்தது வெளியின் வளைவையே என்று பல நூல்களில் காணலாம்; வரலாற்றாய்வாளர் பலர் அதைப் பின்னாளில் ஒட்டிக்கொண்ட கதை என்கிறார்கள். ஐயத்திற்கு இடமில்லாத முயற்சி கார்ல் ஷ்வார்ட்ஸ்சைல்டினுடையது. விண்மீன்களின் இடமாறு தோற்ற அளவுகளை (பூமி சூரியனைச் சுற்றும்போது விண்மீன் இடம் மாறித் தோன்றும் கோணங்களை) வைத்துக்கொண்டு, வெளி சேணம்போல் வளைந்திருந்தால் அதன் வளைவு ஆரம் குறைந்தது 64 ஒளியாண்டாவது இருக்க வேண்டும், கோளம்போல் வளைந்திருந்தால் குறைந்தது 1,600 ஒளியாண்டாவது இருக்க வேண்டும் என்று 1900-இல் அவர் கணக்கிட்டார். ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் கோட்பாடு வர அப்போது இன்னும் 15 ஆண்டுகள் இருந்தன.

அந்தக் கோட்பாடு வந்த பிறகு வளைவுக்கு ஒரு காரணமும் கிடைத்தது. அலெக்சாண்டர் பிரீட்மன் 1922-லும் 1924-லும் எழுதிய கட்டுரைகளிலிருந்து பிறந்த பார்வை இது: பேரண்டத்தின் சராசரி அடர்த்தி ஒரு குறிப்பிட்ட மாறுநிலை அளவை மிஞ்சினால் வெளி கோளம்போல் மூடும், குறைந்தால் சேணம்போல் விரியும், சரியாக அந்த அளவே இருந்தால் தட்டையாக நிற்கும். அந்த மாறுநிலை அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 5 ஹைட்ரஜன் அணுக்கள்தான். ஆகவே வடிவத்தை அறிய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று எடை போடுவது. மற்றொன்று கோணம் அளப்பது. எடை போட்டவர்களுக்கு 1990-கள் வரை மாறுநிலை அளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கிடைக்கவில்லை. கோணம் அளந்தவர்களே வழக்கைத் தீர்த்து வைத்தார்கள்.

கோணம் அளக்க, நீளம் தெரிந்த ஒரு கோல் மிகத் தொலைவில் இருக்க வேண்டும். அப்படியொரு கோலை இயற்கையே வைத்திருக்கிறது. பெருவெடிப்பிற்குப் பின் ஏறத்தாழ 3.8 லட்சம் ஆண்டுகள் பேரண்டம் கொதிக்கும் பிளாஸ்மாவாக இருந்தது. ஒளியும் பொருளும் பிணைந்து கிடந்த அந்தக் குழம்பில், ஒளியின் வேகத்தில் ஏறக்குறைய பாதி வேகத்தோடு ஒலியலைகள் ஓடின. குழம்பு ஆறி அணுக்கள் உருவானதும் ஒளி விடுபட்டது, அலைகள் நின்ற இடத்தில் நின்றன. அதுவரை ஓர் அலை கடந்திருக்கக்கூடிய தூரம் சுமார் 4.3 லட்சம் ஒளியாண்டு. அன்று விடுபட்ட ஒளிதான் இன்று 2.725 கெல்வின் வெப்பநிலையில் வானம் முழுவதும் நிறைந்திருக்கும் அண்ட நுண்ணலைப் பின்னணி. அதன் வெப்பநிலையில் இலட்சத்தில் ஒரு பங்கு அளவுக்குத் தென்படும் திட்டுகள் அந்த ஒலியலைகளின் தடங்கள்.

இனி உங்கள் கணக்கு. அன்றிலிருந்து பேரண்டம் ஏறத்தாழ 1,090 மடங்கு விரிந்திருப்பதால், கோலின் இன்றைய நீளம் சுமார் 47 கோடி ஒளியாண்டு. அந்த ஒளி புறப்பட்ட பரப்பு இன்று நம்மிடமிருந்து ஏறத்தாழ 4,520 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. யூக்ளிட் வடிவியல் சரியென்றால் கோல் தாங்கும் கோணம் 47 ÷ 4,520, அதாவது 0.0104 ரேடியன், ஏறக்குறைய 0.6 பாகை, முழுநிலவை விடச் சற்றே பெரிது. வெளி கோளம்போல் வளைந்திருந்தால் அதுவே ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியாகி, கோல் இதைவிடப் பெரிதாகத் தெரியும். சேணம்போல் வளைந்திருந்தால் சிறிதாகத் தெரியும். திட்டுகளின் அளவுப் பரவலில் அடுத்தடுத்து வரும் முகடுகளின் இடைவெளியிலிருந்து நுண்ணலைப் பின்னணியை அளந்த பிளாங்க் செயற்கைக்கோள் பெற்ற கோணம் 0.0104 ரேடியன்.

இதைத் தெளிவாக முதலில் காட்டியவற்றுள் ஒன்று ஒரு பலூன். பூமராங் என்ற அந்தக் கருவி 1998 டிசம்பர் இறுதியில் அன்டார்க்டிகாவின் மெக்மர்டோ நிலையத்திற்கு அருகிலிருந்து கிளம்பி, துருவத்தைச் சுழலும் காற்றோடு சுமார் பத்து நாட்கள் கண்டத்தைச் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்தருகிலேயே திரும்பி வந்தது. பெயர்ப் பொருத்தம் அதனால்தான். 2000 ஏப்ரலில் வெளியான அதன் முடிவு, மொத்த அடர்த்தி மாறுநிலை அளவைப் போல 0.88 முதல் 1.12 மடங்கிற்குள் இருக்கிறது என்றது. தட்டை என்றால் 1. வழக்கு ஏறக்குறைய அன்றே முடிந்துவிட்டது.

நெடுங்கணக்கு

கோணமானி அவர்களின் விளக்கத்தில் வரலாறும் இயற்பியலும் சரி. ஆனால் அவர் போட்டுக் காட்டிய வகுத்தலை அப்படியே கரும்பலகையில் எழுதிவிடாதீர்கள், அம்மா. கூர்மையான மாணவர் எவரேனும் மடக்கிவிடுவார். 4,520 கோடி ஒளியாண்டு என்ற தொலைவை எவரும் நாடா பிடித்து அளக்கவில்லை. பேரண்டம் தட்டையானது என்று வைத்துக்கொண்டு, விரிவு வேகத்தையும் பொருளின் அளவையும் இட்டுக் கணக்கிட்டால் கிடைக்கும் எண் அது. தட்டை என்று கொண்டு பெற்ற தொலைவால் வகுத்துவிட்டு, விடை பொருந்துகிறது, எனவே தட்டை என்பது சுற்றி வந்து பழைய இடத்திலேயே நிற்பதாகும்.

உண்மை நிலை இதுதான். நுண்ணலைப் பின்னணி ஒரே ஒரு கோணத்தை மிகத் துல்லியமாகத் தருகிறது. அந்தக் கோணத்தை இரண்டு வகையில் விளக்கலாம்: வெளி தட்டையாகவும் தொலைவு 4,520 கோடியாகவும் இருக்கலாம், அல்லது வெளி சற்றே மூடியதாக இருந்து, விரிவு வேகமும் பொருளின் பங்கும் அதற்கேற்ப மாறி, உருப்பெருக்கமும் தொலைவும் ஒன்றையொன்று ஈடுகட்டி அதே கோணத்தைத் தரலாம். கடலில் தெரியும் கப்பல் கிட்டத்தில் உள்ள சிறிய கப்பலா, எட்டத்தில் உள்ள பெரிய கப்பலா என்று ஒரு கண்ணால் சொல்ல முடியாததைப் போன்றது இது. 2000-ஆம் ஆண்டிலேயே தட்டை என்ற முடிவு வலுப்பெற்றதற்குக் காரணம், பேரண்டத்தின் விரிவு வேகத்தைக் குறிக்கும் ஹபிள் மாறிலி ஏற்கத்தக்க எல்லைக்குள் இருக்கிறது என்ற முன்னறிவையும், 1998-இல் சூப்பர்நோவாக்களை (வெடிக்கும் விண்மீன்களை) வைத்து இரண்டு குழுக்கள் கண்டறிந்த, விரிவை முடுக்கும் இருண்ட ஆற்றலையும் கூடவே சேர்த்துப் பார்த்ததுதான். எடை போட்டவர்களுக்கு அகப்படாத மீதி மூன்றில் இரண்டு பங்கு அந்த இருண்ட ஆற்றலாகவே இருந்தது.

ஆகவே இரண்டாவது கண் ஒன்று தேவை. அதுவும் கிடைத்திருக்கிறது, வியப்பு என்னவென்றால், கோல் அதே கோல்தான். பிளாஸ்மாவில் உறைந்துபோன அந்த அலைகளின் விளிம்புகளில் பொருள் ஒரு மயிரிழை கூடுதலாகச் சேர்ந்ததால், பிற்காலத்தில் அங்கே விண்மீன் திரள்களும் ஒரு மயிரிழை கூடுதலாகவே பிறந்தன. இலட்சக்கணக்கான திரள்களை எடுத்து, இரண்டிரண்டாக அவற்றின் இடைவெளியைக் கணக்கெடுத்தால், இன்றைய அளவில் சுமார் 48 கோடி ஒளியாண்டு இடைவெளியில் ஒரு சிறு புடைப்பு தெரியும். (47 இல்லாமல் 48 ஆக இருப்பது பிழையன்று, பொருள் ஒளியின் பிடியிலிருந்து சற்றுப் பிந்தி விடுபட்டதால் கோல் அந்த அளவுக்கு நீண்டுவிட்டது.) 2005-இல் ஸ்லோன் வான் அளவாய்வும் ஆஸ்திரேலியாவிலிருந்து நடந்த இன்னோர் அளவாய்வும் இந்தப் புடைப்பைக் கண்டன. ஒரே கோலைக் கடைக்கோடியில் ஒருமுறையும் நடுவழியில் பலமுறையும் பார்க்கும்போது, தொலைவும் வளைவும் ஒன்றுக்குள் ஒன்று ஒளிந்துகொள்ள முடியாது.

இப்போது 2019-இன் செய்தி. வளைவை அடர்த்திப் பங்காகக் குறிக்கும் எண் ஒன்று உண்டு; அது சுழியானால் தட்டை, எதிர்மறையானால் மூடியது, நேர்மறையானால் சேணம். பிளாங்க் குழுவின் 2018 வெளியீட்டிலேயே, நுண்ணலைப் பின்னணியின் வெப்பநிலை, முனைவாக்கம் (ஒளியலை அதிரும் திசை) ஆகிய தரவுகளை மட்டும் வைத்தால் இந்த எண் −0.044 என்று வந்தது. பிழையெல்லை ஏறத்தாழ 0.015 முதல் 0.018 வரை. எலியோனோரா டி வலென்டினோ, அலெசாண்ட்ரோ மெல்கியோரி, ஜோசப் சில்க் மூவரும் இதைக் கையிலெடுத்து, மூடிய பேரண்டத்திற்கான சான்று இதோ, அண்டவியலுக்கு நெருக்கடி வரக்கூடும் என்று எழுதினார்கள். அவர்கள் எண்ணைத் திரிக்கவில்லை. திட்டுகளின் முகடுகள், இடையிலுள்ள பொருளின் ஈர்ப்பு வில்லை விளைவால் (ஈர்ப்பு ஒளியை வளைப்பதால்) எவ்வளவு மழுங்க வேண்டுமோ அதைவிடக் கூடுதலாக மழுங்கியிருப்பதாகப் பிளாங்க் தரவு காட்டியது உண்மை. மூடிய பேரண்டத்தில் பொருள் அதிகம், அதனால் வில்லை விளைவும் அதிகம், ஆகவே அந்த விளக்கம் பொருந்தியது.

ஆனால் அந்தப் பொருத்தத்திற்குக் கொடுக்க வேண்டிய விலையைப் பாருங்கள். ஹபிள் மாறிலி 54 அளவுக்கு இறங்க வேண்டும்; தட்டை என்று கொண்ட பிளாங்க் மதிப்போ 67.4, அருகிலுள்ள விண்மீன் திரள்களை வைத்து அளப்பவர்கள் சொல்வதோ 73. மேலும், பிளாங்க் வில்லை விளைவையே தனியாகவும் அளந்திருக்கிறது. அதைச் சேர்த்தவுடன் −0.044 என்பது −0.0106 ± 0.0065 ஆகச் சுருங்குகிறது. விண்மீன் திரள்களின் கோலையும் சேர்த்தால் 0.0007 ± 0.0019. சுழியிலிருந்து அதைப் பிரித்தறிய முடியாது. ஜார்ஜ் எஃப்ஸ்டாதியோவும் ஸ்டீவன் கிராட்டனும் 2020-இல் மறுப்பு எழுதினார்கள். சிலி நாட்டின் அடகாமா தொலைநோக்கியின் தனித் தரவும் தட்டையோடு ஒத்துப்போயிற்று. பிளாங்க் தரவைப் பின்னர் மீண்டும் பக்குவப்படுத்திப் பார்த்தபோது அந்த மூடிய சாய்வு பெருமளவு தணிந்துவிட்டது. ஒன்றோடொன்று முரண்படும் தரவுகளைச் சேர்த்துச் சராசரி காண்பது முறையாகுமா என்று அந்த மூவர் கேட்ட கேள்வி மட்டும் நியாயமானது, அதை நான் தள்ளிவிட மாட்டேன்.

இன்னொன்றையும் பாருங்கள். அரிசோனாவின் கிட் பீக் மலையில், 5,000 ஒளியிழைகளால் திரள்களின் நிறமாலைகளை ஒரே நேரத்தில் வாங்கும் டெசி கருவி 2024-இல் முதல் முடிவுகளைத் தந்தது. நுண்ணலைத் தரவோடு அதைச் சேர்த்தபோது 0.0024 ± 0.0016 என்று வந்தது. இந்த முறை சாய்வு சேணத்தின் பக்கம். ஒன்றரைப் பிழையெல்லைச் சாய்வுக்கெல்லாம் தலைப்புச் செய்தி போடுவதானால் பேரண்டம் ஆண்டுக்கொரு வடிவம் எடுக்கும்.

கோணமானி

நெடுங்கணக்கு அவர்களின் திருத்தத்தை ஏற்கிறேன். அந்த வகுத்தல் ஒரு பொருத்தத்தைக் காட்டுகிறதே ஒழிய நிறுவவில்லை. 'வழக்கு அன்றே முடிந்தது' என்று நான் எழுதியதும் மிகை.

மாலைவெள்ளி

இருவருக்கும் நன்றி. கப்பல் உவமை வகுப்பில் எடுபடும். இரண்டு ஐயங்கள் எஞ்சுகின்றன. ஒளியின் பாதி வேகத்தில் 3.8 லட்சம் ஆண்டுகள் ஓடினால் 1.9 லட்சம் ஒளியாண்டுதானே வர வேண்டும், 4.3 லட்சம் எப்படி வந்தது? அடுத்தது, முதலில் கேட்டதுதான்: தட்டை என்றே வைத்துக்கொள்வோம், அது முடிவற்றதா?

கோணமானி

முதல் ஐயத்திற்கு மட்டும் விடை சொல்கிறேன். அலை ஓடிக்கொண்டிருந்தபோதே, அது ஏற்கெனவே கடந்து வந்த பாதையும் விரிந்துகொண்டிருந்தது. இழுபடும் ரப்பர் பட்டையின் மேல் ஊரும் எறும்பு, தான் ஊர்ந்த தூரத்தைவிட அதிகமாகப் புறப்பட்ட இடத்திலிருந்து விலகியிருக்கும் அல்லவா, அதுபோல. விரிவுக் காரணி காலத்தின் 1/2 அடுக்கில் வளர்ந்தால் (கதிர்வீச்சு மேலோங்கிய தொடக்கக் காலம்) தொகையிட்டுக் கிடைக்கும் தூரம் 2 மடங்கு; 2/3 அடுக்கில் வளர்ந்தால் (பொருள் மேலோங்கிய காலம்) 3 மடங்கு. ஒலியின் பயணம் இரண்டு காலங்களிலும் நடந்ததால் விடை இடையில் விழுகிறது, 1.9 லட்சத்தை 2.3-ஆல் பெருக்கிப் பாருங்கள். பன்னிரண்டாம் வகுப்புத் தொகை நுண்கணிதத்திற்கு இது நல்ல பயிற்சிக் கணக்கு.

கோரைப்பாய்

இரண்டாவது கேள்விக்கு விடை: ஆகாது. தட்டையாக இருந்துகொண்டே முடிவுள்ளதாகவும் இருக்கலாம். இதைச் சொல்லத்தான் இந்தப் பெயரோடு இங்கே நடமாடுகிறேன்.

ஒரு கோரைப் பாயை விரித்து அதன் மேல் சுண்ணக்கட்டியால் முக்கோணம் ஒன்று வரையுங்கள். பிறகு பாயைச் சுருட்டி இரு விளிம்புகளையும் சேர்த்துத் தைத்துவிடுங்கள். முக்கோணத்தின் கோணங்கள் மாறவில்லை, பக்கங்களும் மாறவில்லை. பாயின் மேல் வாழும் எறும்பு கோணங்களை அளந்தால் தட்டை என்றே சொல்லும். ஆனால் ஒரு திசையில் நேராக நடந்தால் புறப்பட்ட இடத்திற்கே வந்து சேரும். அதே பாயை ஒரு குடத்தின் மேல் போர்த்திப் பாருங்கள், சுருக்கம் விழாமல் படியவே படியாது. குடத்தின் வளைவு உள்ளார்ந்த வளைவு. வளைவு வேறு, இணைப்பு வேறு. வளைவை அளப்பவை மேலே இருவரும் சொன்ன அளவீடுகள். எது எதனோடு இணைந்திருக்கிறது என்பதைச் சொல்வது இடவியல். ஐன்ஸ்டைனின் சமன்பாடுகள் வளைவைத் தீர்மானிக்கின்றன, இணைப்பைப் பற்றி வாயே திறப்பதில்லை.

மூன்று பரிமாணத்திற்கு வருவோம். ஓர் அறையின் கிழக்குச் சுவருக்குள் நுழைந்தால் மேற்குச் சுவர் வழியாக வெளியே வருகிறீர்கள், வடக்கில் நுழைந்தால் தெற்கில், கூரைக்குள் ஏறினால் தரையிலிருந்து எழுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய கைப்பேசியில் பாம்பு விளையாட்டு ஆடியவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. திரையின் ஒரு விளிம்பில் மறைந்த பாம்பு எதிர்விளிம்பில் தலைகாட்டும் அந்த உலகம் இரு பரிமாணத்தில் இதுவேதான். உளுந்து வடையின் மேற்பரப்பும் இப்படித்தான் இணைந்திருக்கிறது. ஆனால் வடை வளைந்தது, பாம்பின் திரை வளையாதது. அந்த அறை எங்கும் தட்டை, அதற்குச் சுவரும் இல்லை விளிம்பும் இல்லை, ஆனால் கொள்ளளவு முடிவுள்ளது. யூக்ளிட் வடிவியலுக்கு முற்றிலும் உடன்படும் மூன்று பரிமாண வெளிகள் மொத்தம் 18 வகை என்று கணிதம் நிறுவியிருக்கிறது. அவற்றுள் 10 வகை எல்லாத் திசையிலும் முடிவுள்ளவை. நாம் பள்ளியில் படித்த முடிவற்ற வெளி அந்த 18-இல் ஒன்றே ஒன்று. கோள வகை வெளிகளின் எண்ணிக்கைக்கோ முடிவில்லை.

இதைச் சோதிக்கும் வழி மிக அழகானது, எனக்கு மிகவும் பிடித்ததும் அதுவே. நுண்ணலைப் பின்னணி நம்மைச் சுற்றியுள்ள ஒரு மாபெரும் கோளப் பரப்பு. பேரண்டம் அந்தக் கோளத்தைவிடச் சிறிய அறையானால், கோளம் அறையைத் தாண்டிப் போய் மறுபக்கம் நுழைந்து தன்னைத் தானே வெட்டிக்கொள்ளும். இரண்டு கோளங்கள் வெட்டிக்கொண்டால் கிடைப்பது வட்டம். அப்படியானால் வானத்தின் இருவேறு திசைகளில் இரண்டு வட்டங்கள் இருக்கும்; இரண்டும் உண்மையில் ஒரே வட்டம் என்பதால், அவற்றின் சுற்றளவில் வெப்பத் திட்டுகள் ஒரே வரிசையில் வர வேண்டும். நீல் கார்னிஷ், டேவிட் ஸ்பெர்கல், கிளென் ஸ்டார்க்மன் ஆகிய மூவரும் 1990-களில் இந்த முறையை முன்வைத்தார்கள்.

இதற்கிடையில், பிளாங்கிற்கு முன் நுண்ணலைப் பின்னணியை அளந்த டபிள்யூமேப் செயற்கைக்கோளின் 2003-ஆம் ஆண்டுத் தரவில், வானத்தின் மிகப் பெரிய அளவிலான ஏற்ற இறக்கங்கள் எதிர்பார்த்ததைவிட மங்கலாக இருந்தன. சிறிய தொட்டியில் பெரிய அலை எழாது என்பதைப் போல, பேரண்டமே சிறியதாக இருப்பதால்தான் பெரிய அலைகள் இல்லையோ என்ற எண்ணம் எழுந்தது. ழான்-பியர் லூமினேயும் அவருடைய குழுவினரும் அதே ஆண்டில், ஐங்கோண முகங்கள் பன்னிரண்டு கொண்ட ஒரு பன்னிருமுகியின் எதிரெதிர் முகங்களை 36 பாகை திருப்பி ஒட்டினால் உருவாகும் புவங்காரே வெளியைப் பரிந்துரைத்தார்கள். அது சற்றே மூடிய வெளி. மொத்த அடர்த்தி மாறுநிலை அளவைப் போல 1.013 மடங்கு இருந்தால் தரவோடு பொருந்தியது. கால்பந்து வடிவப் பேரண்டம் என்று அப்போது செய்திகள் வந்தன. உங்கள் கால்பந்தை நினைத்து இதைச் சொல்கிறேன்.

வட்டங்களைத் தேடினார்கள். 2004-இல் கார்னிஷும் மற்றவர்களும் டபிள்யூமேப் வரைபடத்தைச் சலித்துப் பார்த்ததில், எதிரெதிராக அமையும் பெரிய வட்டங்களில் ஒரு சோடிகூடச் சிக்கவில்லை. அறையின் குறுக்களவு சுமார் 7,800 கோடி ஒளியாண்டுக்குக் குறைவாக இருக்க முடியாது என்று அதிலிருந்து முடிவு கட்டினார்கள். பிளாங்க் தரவிலும் தேடினார்கள், கிடைக்கவில்லை. ஆகவே பன்னிருமுகி பெரும்பாலும் போயிற்று. ஆனால் அறை நம் பார்வைக் கோளத்தைவிடப் பெரிதாக இருந்தால் வட்டங்களே உருவாகா. அறையைத் திருப்பி ஒட்டும் வகைகளில், நாம் எந்த மூலையில் இருக்கிறோம் என்பதைப் பொறுத்தும் வட்டங்கள் தப்பிவிடலாம். வட்டங்கள் இல்லாமலே, திட்டுகளின் ஒட்டுமொத்தப் பரவலில் விழும் நுண்ணிய ஒழுங்கின்மைகளை வைத்து இந்த வகைகளைத் தேட முடியும் என்று காம்பாக்ட் என்ற ஆய்வுக் குழு அண்மை ஆண்டுகளில் வாதிட்டு வருகிறது. மாணவி கேட்டால், வட்டங்களைத் தேடினோம், எட்டிய தொலைவுவரை பேரண்டம் மடிந்து வந்து நம்மைத் தொடவில்லை என்பது மட்டும் தெரிகிறது என்று சொல்லலாம்.

மாலைவெள்ளி

பாயை நாளையே வகுப்பிற்கு எடுத்துச் செல்கிறேன். கடைசியாக ஒன்று: பிழையெல்லை 0.0019 என்கிறீர்கள். கருவிகள் மேம்பட மேம்பட அது சுருங்கிக்கொண்டே போய், ஒருநாள் சரியாகச் சுழி என்று நிறுவிவிட முடியுமா?

நெடுங்கணக்கு

முடியாது, அதற்குக் காரணம் கருவிகளின் குறை மட்டும் அன்று. சுழி அல்லாத ஒரு மதிப்பை, பிழையெல்லை போதுமான அளவு சுருங்கினால், நிறுவிவிடலாம். சுழி என்பதை அப்படி நிறுவ முடியாது. அதைச் சுற்றியுள்ள இடைவெளியைக் குறுக்கிக்கொண்டே போகலாம், அவ்வளவுதான். இன்றைய எல்லையை வளைவு ஆரமாக மாற்றினால், வெளி வளைந்திருந்தாலும் அதன் ஆரம் ஏறத்தாழ 20,000 கோடி ஒளியாண்டுக்குக் குறையாது. நாம் காணக்கூடிய பேரண்டத்தின் ஆரமான 4,650 கோடி ஒளியாண்டைப் போல அது நான்கு மடங்குக்கு மேல். ஏரிக்கரையில் நின்று தண்ணீர்ப் பரப்பின் வளைவைப் பார்த்துப் பூமியின் ஆரத்தைக் கணிக்க முயலும் ஒருவரின் நிலையில் இருக்கிறோம்.

இயற்கையே வைத்த ஒரு தடையும் உண்டு. நுண்ணலைப் பின்னணியின் வெப்பநிலை இடத்திற்கு இடம் இலட்சத்தில் ஒரு பங்கு அளவுக்கு ஏறி இறங்குகிறது என்று மேலே கோணமானி சொன்னார்; அது அடர்த்தியின் மேடு பள்ளங்களின் தடம். நாம் காணும் பகுதி முழுவதுமே அப்படியொரு சிறு மேட்டிலோ பள்ளத்திலோ அமைந்திருக்கக்கூடும். வளைவு எண் ஏறத்தாழ 0.0001-க்குக் கீழே போய்விட்டால், அது பேரண்டம் முழுவதற்கும் உரிய வளைவா, நம் வட்டாரத்து மேடு பள்ளமா என்று எந்தத் தொலைநோக்கியாலும் பிரித்துச் சொல்ல முடியாது. பேரண்டத்தின் தொடக்கத்தில் நிகழ்ந்ததாகக் கருதப்படும் மிக வேகமான விரிவான பெருவீக்கம், 1981-இல் ஆலன் கூத் அதை முன்வைத்த நாள் முதல், தட்டைக்கு மிக நெருக்கமான வெளியை எதிர்பார்க்கச் சொல்கிறதே தவிர, துல்லியமான சுழியைக் கேட்பதில்லை.

ஆகவே இன்னும் அளக்க இடமிருப்பது 0.002-க்கும் 0.0001-க்கும் இடையே, ஏறக்குறைய இருபது மடங்கு. 2023 ஜூலையில் ஏவப்பட்ட ஐரோப்பிய விண்வெளி முகமையின் செயற்கைக்கோளும் டெசியும் அந்த இடைவெளிக்குள்தான் இப்போது இறங்கியிருக்கின்றன. அந்தச் செயற்கைக்கோளின் பெயர் யூக்ளிட்.